கன்றுத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கலாமா?

கேள்வி: கழிச்சலைத் தடுக்கவும் வளர்ச்சியைக் கூட்டவும் கன்றுகளின் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்து தரலாம் என்கிறார்கள். தீவனத்தை நொதிக்கச் செய்யும் முதல் வயிறான அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனால் அழிந்துவிடாதா?

பதில்: அடியோடு அழிவதில்லை, ஆனால் எந்த நுண்ணுயிர் பெருகும், எது ஒடுங்கும் என்பது மாறுகிறது. மருந்து எந்த வழியில் உள்ளே செல்கிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவிலுள்ள தசை மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடுவதால், பாலில் கரைத்த மருந்தின் பெரும்பகுதி அசையூண் வயிற்றைத் தொடாமலேயே குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களைத்தான் முதலில் தாக்குகிறது. அடர்தீவனத்தில் கலந்த மருந்தோ அசையூண் வயிற்றிலேயே போய் விழுகிறது.

பிறந்த கன்றுக்கு அந்த வயிறு சிறியது. இன்னும் வேலையைத் தொடங்காதது. முதல் சில நாட்களிலேயே பாக்டீரியாக்கள் அதில் குடியேறுகின்றன. புரோட்டோசோவாக்கள் எனும் ஒருசெல் உயிரிகள் பெரும்பாலும் வளர்ந்த மாடுகளின் உமிழ்நீர் வழியாகப் பின்னர் வந்து சேர்கின்றன. கன்று தின்னும் அடர்தீவனத்தை இந்த நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அமிலங்கள், குறிப்பாகப் பியூட்டிரிக் அமிலம், வயிற்றின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு நீட்சிகளை வளரச் செய்கின்றன. வளர்ந்த மாட்டின் அசையூண் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 1,000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் வாழும் நிலைக்கு இதுவே தொடக்கம் என்பதால், இப்பருவத்தில் காரணமின்றிக் குறுக்கிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

எல்லா மருந்துகளும் ஒரே விதமாகச் செயல்படுவதில்லை. தீவனத்தில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து முக்கியமாகக் கிராம் பாசிட்டிவ் எனும் ஒரு பிரிவுப் பாக்டீரியாக்களை ஒடுக்குவதால், மாட்டுக்கு ஆற்றல் தரும் புரோப்பியோனிக் அமிலம் கூடி, மீத்தேன் குறைகிறது. காக்சிடியா ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலையும் அது கட்டுப்படுத்துகிறது. (குதிரைக்கு அதே மருந்து கொடிய நஞ்சு, பண்ணையில் குதிரை இருந்தால் தீவன மூட்டைகளைத் தனியே வைக்க வேண்டும்.) டெட்ராசைக்ளின் வகையோ பலவகைப் பாக்டீரியாக்களையும் ஒருசேரத் தாக்குவது. 1950களில் அந்த வகையைச் சேர்ந்த குளோர்டெட்ராசைக்ளின் தின்ற கன்றுகள் நன்றாக வளர்ந்தது உண்மைதான். ஆனால் தூய்மை குறைந்த கொட்டில்களில்தான் அந்தப் பலன் அதிகம் தெரிந்தது. பிறந்த சில மணி நேரத்துக்குள் போதிய சீம்பாலும் உலர்ந்த படுக்கையும் கிடைத்த கன்றுக்கு அந்த மருந்தால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பமே. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள் பெருகும் அச்சத்தால், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுமையாகத் தடை செய்தது. நோயுற்ற கன்றுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மருந்து தருவது வேறு விஷயம்.

கேள்வி: மடிநோய்க்கு மருந்து செலுத்திய பசுவின் பாலைக் கன்றுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் எஞ்சியிருக்கும் குறைந்த அளவு மருந்தே எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்கள் கன்றின் குடலில் பெருகப் போதுமானது. காய்ச்சினால் கிருமிகள் சாகும். மருந்து எச்சம் முழுவதும் நீங்காது.