பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள் கருத்தரிக்க உடல்வெப்ப அட்டவணை உதவுமா?

உதவும், ஆனால் தனியாக அல்ல. காலையில் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழும் முன்பே நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்து எடுக்கும் வெப்பநிலையையும், அன்றைய வெள்ளைப்படுதலின் தன்மையையும் தினமும் குறிப்பதுதான் இந்த அட்டவணை. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் நல்லது.

கருமுட்டை வெளியானபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், உடல்வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும். முந்தைய 6 நாட்களைவிடத் தொடர்ந்து 3 நாள் உயர்ந்திருந்தால் முட்டை வெளியாகியிருக்கும். ஆனால் இது பஸ் போனபின் எழும் புழுதி மாதிரி. போனது தெரியும், ஏற முடியாது. பஸ் வருவதைச் சொல்வது வெள்ளைப்படுதல்தான்: நிறமின்றி, வழுவழுப்பாக, விரலிடையே நூலாக நீண்டால் அவை சேர வேண்டிய நாட்கள்.

பி.சி.ஓ.எஸ்.ஸில் உடல் முட்டையை வெளியிட முயன்று பாதியில் நின்றுவிடலாம். அதனால் இந்த வழுவழுப்பு ஒரே சுழற்சியில் இரண்டு மூன்று முறைகூட வரலாம். முட்டையை வெளியிடத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் எப்போதும் கூடுதலாக இருப்பவர்களுக்கு, அதைச் சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் ஸ்டிரிப்பும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். எனவே வெப்பநிலை ஏறும்வரை முயற்சியை நிறுத்த வேண்டாம். முட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு சுழற்சியின் 21ஆம் நாளில் எடுக்காமல், வெப்பநிலை ஏறி ஒரு வாரம் கழித்து எடுங்கள். ஏறவே இல்லையென்றால் அட்டவணையோடு மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தப்போக்கு வந்தாலே முட்டை வெளியானதாகப் பலர் நினைக்கிறார்கள். முட்டை வெளியாகாமலும் ரத்தப்போக்கு வரும்.