தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்

கேள்வி: என் தங்கை சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, நாங்குநேரிப் பக்கம் ஒப்பந்த முறையில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராகச் சேர்ந்திருக்கிறாள். தொகுப்பூதியம் 20,000 ரூபாய் என்றார்கள். கைக்கு வருவது 18,200. மீதி எங்கே போகிறது? நிரந்தரம் ஆக வாய்ப்பு உண்டா?
- வாசகி, களக்காடு

பதில்: அந்த 1,800 வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம், 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம். வேலை தருபவரும் அதே 1,800 கட்ட வேண்டும். முன்பே ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 வைப்பு நிதிக்கும் போகும்; 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதன்முறையாகச் சேர்ந்திருந்தால் முழுதும் வைப்பு நிதிக்கே போகும். பிடித்தார்கள் என்பதாலேயே கட்டிவிட்டார்கள் என்று நம்ப வேண்டாம். யுஏஎன் என்னும் வைப்பு நிதிக் கணக்கு எண்ணை வாங்கி, மாதாமாதம் பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பெரிய தொல்லை இனிஷியல்தான். ஆதாரில் 'எஸ்', அலுவலகப் பதிவில் தந்தை பெயர் முழுதாக என்றிருந்தால், பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். இப்போதே திருத்திவிடுவது நல்லது. வேலை மாறினாலும் பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றட்டும்; ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால், ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் சேர வேண்டும்.

தொகுப்பூதியத்தில் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனியே கிடையாது. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குப் போகும் பஸ் செலவு கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கிராமங்களில் அதுவே சம்பளத்தைத் தின்றுவிடும்.

நிரந்தரம் பற்றி உறுதி சொல்ல முடியாது. தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. அதன்படி பணியிடம் அறிவிக்கப்படும் நாளில், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் உள்ள பதிவு காலாவதியாகி இருக்கக் கூடாது. நியமன ஆணை, ஊதியச் சீட்டு, பணிச் சான்று மூன்றையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைக்கட்டும்.