எல்டிஎல் ஏற்பியே சரியில்லாதவர்களுக்கு அடைப்பு ஏன் சீக்கிரம் வருகிறது?

கேள்வி: கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் இழுப்பது எல்டிஎல் ஏற்பிதான் என்று படித்தேன். அப்படியென்றால் அந்த ஏற்பி பழுதாகப் பிறந்தவர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு குறைவாகத்தானே வர வேண்டும்? என் அண்ணனுக்கு 38 வயது, எல்டிஎல் 240. பரம்பரைக் கோளாறாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். வைட்டமின் ஈ சாப்பிட்டால் பலன் உண்டா?

பதில்: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும்போது எனக்கும் இதே குழப்பம் இருந்தது, வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். விடை பின்னாளில் ஆய்வகத்தில் நானே செய்த சோதனையில் கிடைத்தது.

முதலில், எந்தச் செல் என்று பார்க்க வேண்டும். கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் துகளான எல்டிஎல்லில் பெரும்பங்கை அள்ளி எடுப்பது கல்லீரல். அதன் செல்களின் மேல் இருக்கும் ஏற்பி எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே போய், இறக்கி வைத்துவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மறுபடி மேலே வந்து நிற்கும். அது பழுதானால் அள்ள ஆள் இல்லை, ரத்தத்திலேயே தேங்கிவிடும். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வந்தவர்கள் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். இருவரிடமிருந்தும் வந்தால் எல்டிஎல் 500ஐத் தாண்டும், பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. 1984இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அப்படிப்பட்ட 6 வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். 1000க்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் சுமார் 300க்கு இறங்கியது. உடம்பின் மற்றச் செல்களெல்லாம் அதே பழுதோடுதான் இருந்தன, மாறியது கல்லீரல்.

சரி, இனிதான் உங்கள் கேள்வியின் முடிச்சு. அடைப்பைத் திறந்து பார்த்தால் கொழுப்புத் துளிகள் நிறைந்து உப்பிய நுரை செல்கள் இருக்கும், பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்கள்தான், அதாவது கிருமியையும் கழிவையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள். எல்டிஎல் ஏற்பி அறவே இல்லாதவர்களுக்கும் இவை இருக்கின்றன. ஏற்பி இல்லாமல் கொழுப்பு எப்படி உள்ளே போனது?

அந்த ஏற்பியைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் வாங்கிய டாலஸ் நகரத்து பிரவுனும் கோல்ட்ஸ்டீனுமே இதையும் துருவினார்கள். 1979இல் வந்த அவர்களது ஆய்வுக் கட்டுரையில் சந்தீப் பாசுவும் ஒருவர். பின்னாளில் டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர், நம் பாடப் புத்தகங்கள் ஏனோ இவரைச் சொல்வதே இல்லை. சாதாரண எல்டிஎல்லை மேக்ரோஃபேஜ் அவ்வளவாகச் சீண்டவில்லை, அசிட்டைல் சேர்த்து உருமாற்றிய எல்டிஎல்லைக் கொடுத்தால் கணக்கில்லாமல் விழுங்கியது. ஆக அதற்கு வேறு வாசல் இருக்கிறது. குப்பை பொறுக்கும் ஏற்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் ஸ்கேவெஞ்சர் ரிசெப்டார். எல்டிஎல் ஏற்பிக்கு அளவு தெரியும், செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் ஏற்பி தயாரிப்பு குறைந்துவிடும். இதற்கு அந்தப் பழக்கமே கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும்.

உடம்புக்குள் அசிட்டைலுக்குப் பதில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் அதிகமாக இருந்தால் குழாய்ச் சுவருக்குள் அதிகமாக நுழைந்து மாட்டிக்கொள்ளும், அங்கே கெட்டுப்போகும், மேக்ரோஃபேஜ் அதைக் குப்பையாக எண்ணி விழுங்கும். எஸ்ஆர்-ஏ, சிடி36 என்று இந்த ஏற்பிகள் பல வகை (சிடி36 மலேரியா புகுந்த ரத்தச் சிவப்பணுக்களையும் பிடித்துக்கொள்ளும், அது தனிக் கதை).

நான் செய்ததும் இந்தச் சோதனைதான். எல்டிஎல் கரைசல் மஞ்சளாக இருக்கும், கரோட்டின் சேர்ந்திருப்பதால். காப்பர் சல்பேட் சேர்த்து வைத்தால் ஆக்சிஜனேற்றத்தில் அந்த நிறம் வெளுத்துப் போகும். முதல் தடவை ராத்திரி முழுக்க வைத்தும் மஞ்சள் அப்படியே இருந்தது. கெடாமலிருக்கச் சேர்த்திருந்த ஈடிடிஏவை நீக்காமல் விட்டிருக்கிறேன், அது காப்பரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வார உழைப்பு சாக்கடையில். இரண்டாம் தடவை சரியாக வந்தது. கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சாதாரண எல்டிஎல் கொடுத்த மேக்ரோஃபேஜ்களில் அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்புப் புள்ளி, வெளுத்ததைக் கொடுத்தவற்றில் மாதுளையைப் பிளந்த மாதிரி.

அப்படியானால் இந்தக் குப்பை வாசலை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எலிகளில் செய்து பார்த்தார்கள். 2000இல் ஒரு குழு சிடி36 இல்லாத எலிகளில் அடைப்பு நன்றாகக் குறைந்ததாகச் சொன்னது, 2005இல் இன்னொரு குழு சிடி36, எஸ்ஆர்-ஏ இரண்டில் எதை நீக்கியும் அப்படிக் குறையவில்லை என்றது. ஒரு வாசல் மூடினால் செல் இன்னொன்றில் வாங்கிக்கொள்கிறது என்பது என் எண்ணம். வைட்டமின் ஈ நம்பிக்கையும் இங்கிருந்து வந்ததுதான், ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் போதும் என்ற கணக்கு. 2000இல் வெளிவந்த ஹோப் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்குத் தினம் 400 யூனிட் வீதம் நாலரை வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. அண்ணனுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வேலை செய்யும் மருந்துகள் கல்லீரல் வாசலைத்தான் பிடிக்கின்றன. ஸ்டாட்டின் கல்லீரலின் சொந்தக் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கும், அது பற்றாக்குறைக்காக எல்டிஎல் ஏற்பியைக் கூடுதலாக மேலே அனுப்பும். பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஏற்பியை அழிவுக்கு இழுத்துப் போகும், அதைத் தடுக்கும் ஊசிகள் 2015இல் வந்தன. அண்ணனுக்குப் பரம்பரைக் கோளாறே இருந்தாலும், ஒரு மரபணு மட்டும் பழுது என்றால் மற்றொன்று நல்ல ஏற்பியைச் செய்துகொண்டுதான் இருக்கும், அதனால் இவை நன்றாகவே பலன் தரும். எந்த அளவில் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. அது பரம்பரைக் கோளாறுதான் என்றால் உங்களுக்கும் இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு, அண்ணன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே. குதிகாலுக்கு மேல் தசைநாண் தடித்திருக்கிறதா, விரல் முட்டிகளில் மஞ்சள் கட்டிகள் இருக்கின்றனவா என்று அண்ணனைப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே நீங்கள் ஒரு லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.