எஸ்பிரெசோவுக்கு கோனிக்கல் பர்ரா, பிளாட் பர்ரா? கனடாவில் இருந்து கிளிநொச்சிக்கு எதைச் சொல்லிவிடலாம்?

கேள்வி இதுதான்: வீட்டில் சின்ன எஸ்பிரெசோ மெஷின் இருக்கிறது. கோப்பிக்கொட்டை பாதி வீட்டில் வறுத்தது, பாதி கொழும்பில் இருந்து பைக்கற்றில் வருவது. கனடாவில் இருந்து ஆள் வரும்போது எந்த கிரைண்டரைக் கொண்டுவரச் சொல்வது? அதன் பர், அதாவது கொட்டையை அரைக்கும் பல் வைத்த பாகம், கூம்பாக (கோனிக்கல்) இருக்க வேண்டுமா, தட்டாக (பிளாட்) இருக்க வேண்டுமா?

கறுக்க வறுத்த கொட்டை, பால், சீனி என்று குடிப்பவர்களுக்கு கோனிக்கல் போதும். கரண்டில் ஓடுவதைக் கனடாவில் வாங்க வேண்டாம். கையால் சுற்றுவது என்றால் எங்கிருந்தும் வரலாம்.

முதலில் மெஷினின் பில்டர் கூடையை, அதாவது தூள் போடும் ஓட்டைக் கிண்ணத்தை, கவிழ்த்துப் பாருங்கள். உள்ளுக்கு நிறைய ஓட்டையும் வெளியே ஒரேயொரு ஊசித்துளையும் இருந்தால் அது இரட்டைச்சுவர்க் கூடை. அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்கிவிடும். தூள் எப்படி இருந்தாலும் நுரை வரும். அந்தக் கூடையோடு எவ்வளவு விலை கொடுத்து கிரைண்டர் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே அளவில் ஒற்றைச்சுவர்க் கூடை எடுத்த பிறகுதான் பர் பற்றிக் கதைக்கலாம்.

பிளாட் பர் வேறொன்றுமில்லை, நம்முடைய திருகைதான். ஒன்றை ஒன்று பார்த்த இரண்டு தட்டு, நடுவில் கொட்டை விழும், சுழற்சி வேகத்தில் ஓரத்தால் தூள் வெளியே எறியப்படும். கோனிக்கல் என்பது வளையம் ஒன்றுக்குள் கூம்பு சுழல்வது, ஆட்டுக்கல்லுக்குள் குழவி மாதிரி. தூள் தன் பாரத்தில் கீழே இறங்கும். கடையில் ‘கிரைண்டர்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பிளேட் சுற்றும் சாமான் இந்தக் கணக்கிலேயே வராது. அது வெட்டும், அரைக்காது. ஒரே கரண்டித் தூளில் மாவும் இருக்கும், குறுணலும் இருக்கும்.

ருசி மாறுவது அந்த மாவால்தான். எந்த பர்ரிலும் நுண்தூள் கொஞ்சம் வரும். கோனிக்கலில் பொதுவாக அது கூட. பெரிய துணிக்கைகளுக்கு இடையில் போய் அடைத்துத் தண்ணீரை மெதுவாக்கும், கோப்பி வாயில் தடிப்பாக நிற்கும், சொக்லேற், கருகல் பக்கத்துச் சுவைகள் முன்னுக்கு வரும். பால் ஊற்றினாலும் கோப்பி தெரியும். பிளாட்டில், அதுவும் 64 மில்லிமீற்றர் அளவுகளில், துணிக்கைகள் கூடுதலாக ஒரே அளவில் இருக்கும். புளிப்பும் பழவாசமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். இளவறுவல் அரபிக்காவைப் பால் இல்லாமல் குடிப்பவருக்கு அது சொர்க்கம். நன்றாகக் கறுத்த வறுவலை அதில் போட்டால் மறைய வேண்டிய கசப்பும் துலக்கமாகத் தெரியும். நுண்தூள் குறைவு என்பதால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும்; தூளைச் சமமாகப் பரப்பாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கத்தால் ஓட்டை போட்டு ஓடிவிடும், கோப்பி ஒரே வாயில் புளிக்கவும் கசக்கவும் செய்யும்.

ஆனால் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது பிழை. பற்கள் வெட்டப்பட்ட விதமும் இரண்டு பர்ரும் நேராக நிற்பதும் அதைவிடப் பெரிது. சரிந்து பூட்டிய பிளாட் பர்ரை நல்ல கோனிக்கல் இலகுவாகத் தோற்கடிக்கும்.

பெயராகச் சொன்னால், கையால் சுற்றுவதில் கிங்ரைண்டர் கே6, 1ஜெட்பிரெஸ்ஸோ ஜே-அல்ட்ரா இரண்டும் 48 மில்லிமீற்றர் கோனிக்கல். நைசு, பருமன் மாற்றும் வளையத்தை ஒரு கிளிக் திருப்பினால் கே6 இல் பர் 16 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 16 பங்கு), ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரோன் நகரும். எஸ்பிரெசோவில் இந்தச் சின்ன நகர்வுக்குத்தான் காசு கொடுக்கிறோம்: கோப்பி இறங்க ஒரு படியில் 20 செக்கன், அடுத்த படியில் 40 செக்கன் என்றால் இடையில் நிற்க இடமில்லை. கரண்டில் ஓடுவதில் பராட்ஸா என்கோர் ஈஎஸ்பி 40 மில்லிமீற்றர் கோனிக்கல். அதன் நம்பர்களில் 1 முதல் 20 வரை எஸ்பிரெசோவுக்கு. டிஎஃப்64 பிளாட்.

கனடா வேண்டாம் என்றது இதற்காக: அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஏசி இண்டக்ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சூடேறும். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் சாமான் என்றால் வோல்ட் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் பாருங்கள்.

வந்ததும் செய்ய வேண்டியது: 58 மில்லிமீற்றர் கூடை என்றால் 18 கிராம் தூள், 51 என்றால் 14 முதல் 16. தூளின் இரண்டு மடங்கு பாரம் கோப்பி 25–30 செக்கனில் இறங்க வேண்டும். 15 செக்கனில் கொட்டினால் நைசாக்குங்கள், 40 தாண்டினால் பருமனாக்குங்கள். கரண்டில் ஓடுவதை நைசாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லையேல் இடையில் சிக்கிய கொட்டை இறுகும். மாற்றியபின் வரும் முதல் 2–3 கிராம் பழைய அளவுத் தூள், அதைக் கொட்டிவிடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் தூள் பறந்து கிண்ணத்தில் ஒட்டும். அரைக்க முன் கரண்டிக்காம்பை நனைத்துக் கொட்டையை ஒருமுறை கிண்டினால் அடங்கும். மாரி தொடங்கினால் பழைய நம்பரில் நேரம் மாறும். நம்பரை விட்டுச் செக்கனைப் பாருங்கள்.

வேர்க்கொம்பு, மல்லி இரண்டையும் பர்ரில் போடவே கூடாது. வேர்க்கொம்பின் நார் பற்களில் சுற்றும், மல்லி வாசம் கிழமைக்கணக்கில் போகாது. அதற்கு உரல் இருக்கட்டும். துப்புரவாக்க அரிசி போடுவதும் வேண்டாம். அரிசி கோப்பியைவிடக் கடினம், மோட்டாருக்குப் பாரம். உருக்கு பர்ரைத் தண்ணீரில் கழுவினால் கறள் பிடிக்கும், காய்ந்த பிரஷ்ஷே போதும். எண்ணெய் மினுங்கும் கறுத்த கொட்டை என்றால் இரண்டு கிழமைக்கொருமுறை.

உங்கள் விஷயத்தில் பர்ருக்கு எமன் கல்தான். முற்றத்தில் காயவிட்ட கொட்டையில் கிரவல் இருக்கும். வறுத்தபின் அதுவும் கறுத்து, கொட்டை போலவே கிடக்கும். ஆகவே வறுக்க முன் சுளகில் புடைத்துப் பொறுக்குங்கள், வறுத்தபின் வெள்ளைத் தட்டில் பரப்பி இன்னொருமுறை. செராமிக் பர் என்றால் ஒரு கல்லிலேயே பல் உடையலாம், உருக்கு கொஞ்சம் தாங்கும். அரைபடும் சத்தத்துக்கு நடுவே ‘டக்’ என்று கேட்டால் உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மேல் பர்ரைத் தூக்கிப் பாருங்கள்.