கப்பல் ஏறும் நாளுக்கு எந்தச் சேலை?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 57 வயது. எங்கள் கல்யாண நாளை ஒட்டி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் என்னையும் என் வீட்டுக்காரரையும் வரவழைத்து, மூன்று இரவு உல்லாசக் கப்பலில் பினாங்கு வரை அழைத்துப் போகிறான். எனக்குச் சேலையைத் தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை. கப்பலில் ஏறும்போது போட்டோ எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அரக்கு நிறக் காஞ்சிப் பட்டை முதல் நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். மருமகளோ, “பேண்ட், குர்த்தா போட்டுக்கங்க அத்தை, அதுதான் வசதி” என்று ஒரு ஜோடி வாங்கியே வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் வேட்டிதான் கட்டுவேன் என்கிறார். நாங்கள் என்ன உடுத்திக்கொண்டு ஏறலாம்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, சேலையே கட்டிக்கொண்டு ஏறுங்கள். அதில் தயக்கமே வேண்டாம். பட்டை மட்டும் பெட்டிக்குள் வையுங்கள். அதற்கான இரவு பின்னால் வருகிறது.

முதல் நாள் மற்ற நாட்களைப் போல இல்லை. துறைமுகத்துக்குள் நுழைந்ததுமே பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண் எழுதிய அட்டையை மாட்டி அனுப்பிவிடுவார்கள். அவை ஸ்கேனருக்குள் போய், கப்பலின் அடித்தளத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொன்றாக அறை வாசலுக்கு வரும். மதியமே வந்தாலும் வரலாம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆனாலும் ஆகலாம். அறையையும் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் திறந்து விடுவார்கள். அதுவரை உங்கள் உடம்பில் இருப்பதும் கையில் இருப்பதும்தான் உங்களுக்கு. அந்த ஒரே சேலையோடு சிங்கப்பூர் வெயிலில் வேர்க்க வேண்டும், குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும், ஏற்றப் பாலத்தில் ஏற வேண்டும், மேல்தளத்துக் கூட்டத்தில் தட்டை ஏந்திச் சாப்பிட வேண்டும், ஏசி குளிரில் உட்கார வேண்டும், கப்பல் கிளம்பும்போது மொட்டைத் தளத்துக் காற்றில் நிற்க வேண்டும்.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 28 வருஷம் ரவிக்கை தைத்தவள் நான். உடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடுதான் 2015 ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மரினா பே குரூஸ் சென்டரில் கப்பல் ஏறினேன். மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை, எட்டுக் கொசுவம். சேலை கசங்கினால் தேய்த்துக்கொள்ளலாம் என்று இஸ்திரிப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதே பெட்டியில்தான் என் மாமியாருடைய சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம். வைத்தவள் நான்தான்.

கப்பலில் தீயைப் போல இன்னொரு பயம் கிடையாது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், ரைஸ் குக்கர் போன்ற சூடாகும் சாமான்களை ஏற்ற விடமாட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஸ்கேனரில் இஸ்திரிப் பெட்டி தெரிந்ததும் எங்கள் பெட்டியைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்து அறைகளின் பெட்டியெல்லாம் ஆறு மணிக்கே வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை. விசாரித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய், வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டி, இஸ்திரிப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்தபோது மணி ஒன்பதரை. மாமியார் மாத்திரை போடாமல் சாப்பிடக் கூடாது என்று அதுவரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. 74 வயது அவருக்கு. கட்டிலில் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கப்பலில் மருத்துவர் உண்டு, போய்க் கேட்டிருக்கலாம் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உடுப்பு விஷயத்தில் அவர் ஒரு கஷ்டமும் படவில்லை. வீட்டிலிருந்தே கையில் ஒரு மஞ்சப்பை கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வாயில் சேலை, ரவிக்கை, துண்டு. அறைக்குள் நுழைந்ததும் முகம் கழுவி, வேர்த்த சேலையை மாற்றிக்கொண்டார். நான் ராத்திரி வரை பட்டோடு இருந்தேன். 1962இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். இப்போது நீங்கள் போகிற பினாங்கைத் தொட்டுத்தான் ரஜூலாவும் சிங்கப்பூர் வரும். நாகையில் கரையோரம் கப்பல் வராது. படகில் போய், தள்ளி நிற்கிற கப்பலில் ஏற வேண்டும். டிரங்குப் பெட்டி சரக்கோடு சரக்காக அடியில் போய்விடுமாம். “பெட்டிய நம்பி எவ கப்பல் ஏறுவா? மாத்துச் சேல மடியில இருக்கணும்” என்றார். 53 வருஷம் கழித்தும் அவருக்கு அது மறக்கவில்லை. நான் முந்தின நாள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி உங்கள் சேலைக்கு வருகிறேன். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன சுங்குடி இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. கஞ்சி போடாதீர்கள். மொடமொடப்பான காட்டன் குடிநுழைவு வரிசை முடிவதற்குள் கசங்கிவிடும், தேய்க்க வழி இல்லை. சுங்குடி இல்லையென்றால் கிரேப் அல்லது பாலி காட்டனில், நெருக்கமான சின்னப் பூ போட்ட சேலை. சுருக்கமும் தெரியாது, குழம்பு சிந்தினாலும் தெரியாது. வெறும் ஜார்ஜெட்டும் ஷிஃபானும் வேண்டாம். மேல்தளக் காற்றில் அவற்றைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

கட்டும் உயரம் முக்கியம். நம் ஊர் வழக்கப்படி தரையைத் தொடுகிற மாதிரி கட்டாதீர்கள். கணுக்கால் தெரிய, இரண்டு விரல் ஏற்றிக் கட்டுங்கள். ஏற்றப் பாலம் சரிவாக இருக்கும், வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டம் அடித்திருப்பார்கள். தளத்துக்குப் போகும் கதவுகளுக்கும் அறைக்குள் இருக்கிற குளியலறைக்கும் பழைய வீட்டு நிலைப்படி மாதிரி மேடான வாசல் இருக்கும். என் கொசுவம் அப்படி ஒரு வாசலில்தான் மிதிபட்டு அவிழ்ந்தது, நடைபாதையில் அத்தனை பேர் நடுவே. ஐந்து கொசுவம் போதும், செருகிய இடத்துக்குக் கீழே ஒரு பின் குத்துங்கள். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் குத்தி, நுனியை இடுப்பில் செருகிவிடுங்கள். அகலமான பாவாடைக்குப் பதில் நேராக வெட்டிய உள்பாவாடை, அதற்குள் முக்கால் லெக்கிங்ஸ். காற்றுக்கும் அது காவல், ஏசிக்கும் அது காவல். ரவிக்கை முழங்கை வரை இருக்கட்டும். உள்பாவாடையின் இடுப்போரம் உள்ளங்கை அளவு ஒரு ஜேபு தைத்துக்கொண்டால் நல்லது. கப்பலில் கொடுக்கும் ஒரே அட்டைதான் அறைச் சாவி, அதுதான் கடைக்குப் பணம், இறங்கி ஏறும்போது அதுதான் அடையாளம். இல்லையென்றால் மகனிடம் சொல்லி, கழுத்தில் மாட்டும் நாடா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

செருப்பு, பின்பக்கம் வார் வைத்தது. அடியில் ரப்பர். குதி உயர்ந்தது வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் நாள் எல்லாப் பயணிகளும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் உரசிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி அதற்கு 24 மணி நேரம் அவகாசம் தந்திருந்தது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் அறை டிவியிலோ போனிலோ படம் பார்த்துவிட்டு, உங்களுக்கென்று ஒதுக்கிய கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. ஏழு சின்ன ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அங்கே போக வேண்டும். அந்த நேரத்தில் லிஃப்ட் கிடையாது, படிதான். நீங்கள் கட்டுகிற சேலையோடு நாலு மாடிப் படியை வேகமாக ஏறி இறங்க முடியுமா? காரைக்குடியில் உங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். முடிந்தால் அந்தச் சேலை சரி.

போட்டோவைப் பற்றி. கவுன்டரில் எடுப்பது முகம் மட்டும், பாதுகாப்புக்காக. அதற்குப் பிறகு கப்பலின் போட்டோக்காரர்கள் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுப்பது காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கலாம். உங்கள் அரக்குப் பட்டுக்கு இது இடமில்லை. எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வருகிற இரவு என்று ஒன்றை அறிவிப்பார்கள். எந்த இரவு என்று மகனை முன்கூட்டியே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அன்று பட்டைக் கட்டி, நடுக்கூடத்துப் படிக்கட்டில் உங்கள் வீட்டுக்காரரோடு நின்று எடுத்துக்கொள்ளுங்கள். கசங்கியிருந்தால் கூலி வாங்கிக்கொண்டு கப்பலிலேயே தேய்த்துத் தருவார்கள்.

அவருக்கு வேட்டி தாராளமாக இருக்கட்டும். வேட்டியில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், யாரும் தடுக்கவில்லை. ஒட்டிக்கோ வேட்டியாக இருந்தால் நிம்மதி. ஸ்கேனரில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உள்ளே அரைக்கால் டிரவுசர் கட்டாயம். மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் மட்டும் போக வேண்டாம்.

கைப்பையில் பாஸ்போர்ட், விசா தாள், எல்லா நாளுக்கும் சேர்த்து மாத்திரை, நகை, கண்ணாடி, ஒரு சால்வை. மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள், தங்கச்சி. கூடவே ஒரு மாற்றுடை. இங்கேதான் உங்கள் மருமகள் வாங்கி வைத்த குர்த்தாவும் பேண்ட்டும் வருகின்றன. சேலை, பாவாடை, ரவிக்கை என்று மூன்றையும் கைப்பையில் அடைப்பதைவிட அது சின்னதாக மடியும். கப்பல் குளியலறை கையை நீட்டினால் சுவர் தட்டும், தரை ஈரமாக இருக்கும், அங்கே நின்று சேலை மாற்றுவது சிரமம். சாயங்காலம் வேர்வையோடு அறைக்கு வந்து, முகம் கழுவி, அந்தக் குர்த்தாவைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் இருக்கும்போதே இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டுப் பழகினால் கூச்சம் போய்விடும். பினாங்கில் இறங்கிச் சுற்றவும் அதுதான் தோது.

கேள்வி: முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு கோட், டை வேண்டுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் தம்பி. பழைய பெரிய பயணிகள் கப்பல்களின் காலத்திலேயே முதல் இரவும் கடைசி இரவும் விருந்து உடைக்கு விலக்கு உண்டு, பெட்டி கைக்கு வராது அல்லது கட்டி முடித்திருப்பார்கள் என்பதால். காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேண்ட், செருப்புக்குப் பதில் ஷூ. அரைக்கால் டிரவுசரோடும் கையில்லாத பனியனோடும் அந்த அறைக்குப் போகாமல் இருந்தால் சரி.

கேள்வி: கப்பலில் நீச்சல் குளத்தில் இறங்க ஆசை. நீச்சல் உடை போடக் கூச்சமாக இருக்கிறது. சுடிதாரோடு இறங்க விடுவார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: விடமாட்டார்கள் கண்ணு. பருத்தித் துணி நூல் உதிர்த்துக் குளத்தின் வடிகட்டியை அடைக்கும், தண்ணீர் ஊறினால் உன்னையும் இழுக்கும். முழுக்கையும் முழுக்காலும் மூடுகிற நீச்சல் உடை இப்போது எல்லா விளையாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது, சிங்கப்பூரில் நிறையப் பெண்கள் அதைத்தான் போடுகிறார்கள். வாங்கி, பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வை. முதல் நாள் மதியம் எல்லோரும் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள், குளத்தில் கூட்டமே இருக்காது. ஈர உடையைப் பால்கனிக் கம்பியில் உலர்த்தாதே, காற்று கொண்டுபோய்விடும். குளியலறைச் சுவரில் ஒரு சின்ன வட்டப் பெட்டி இருந்தால் அதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார். கொடி வரும்.