பூட்டிய லெவலுக்குச் சாவி எங்கே?

இந்த இதழில் நீலகிரி, பழனி மலை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் ஒரே வருத்தம்: "கேமை முடித்துவிட்டேன், ஆனாலும் கஷ்டமான லெவல் திறக்கவில்லை." கேமில் கோளாறு இருப்பது மிக அபூர்வம். முதல் ஆட்டத்தை எந்த லெவலில், எந்த ஆளை வைத்து, எந்த ஸ்லாட்டில் முடித்தீர்கள் என்பதை கேம் சேவ் ஃபைலில் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவில்) எழுதி வைத்திருக்கிறது. பூட்டு திறப்பதும் திறக்காததும் அந்தக் கணக்கைப் பொறுத்தது.

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: 'கப்ஹெட்' கேமில் மூன்று தீவுகளின் பாஸ்களையும் (பெரிய எதிரிகளையும்) 'சிம்பிள்' லெவலில் அடித்துவிட்டேன். கடைசிக் கட்டத்தின் வாசலில் நிற்கும் கிங் டைஸ் வழி விட மறுக்கிறார். எக்ஸ்பர்ட் லெவலும் வரவில்லை. கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

அழிக்காதீர்கள். உங்கள் சேவ் நன்றாகத்தான் இருக்கிறது. சிம்பிளில் பாஸை வென்றால் 'ஆன்ம ஒப்பந்தம்' கையில் கிடைக்காது. அடுத்த லெவலான ரெகுலரில் வென்றால்தான் கிடைக்கும். முதல் தீவில் 5, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 7, ஆக 17 ஒப்பந்தங்களும் சேர்ந்த பிறகுதான் கிங் டைஸ் உள்ளே விடுவார். அவரைத் தாண்டி கடைசி பாஸான டெவிலையும் வென்றதும் எக்ஸ்பர்ட் தானாகத் திறக்கும்.

அதே சேவில், வரைபடத்தில் ஒவ்வொரு பாஸாகப் போய் ரெகுலரைத் தேர்ந்தெடுத்து ஆடுங்கள். சிம்பிளில் சில பாஸ்களின் சில கட்டங்களையே கேம் வெட்டிவிடுகிறது. அதனால் "இந்த பாஸை ஏற்கெனவே அடித்தேனே" என்று நினைத்து இறங்கினால், பார்த்தே இராத ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் இரண்டு மூன்று முயற்சிகளில் ஜெயிப்பதை மறந்து, புதுக் கட்டம் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக மட்டும் ஆடுங்கள். கடையில் கிடைக்கும் 'ஸ்மோக் பாம்' சார்மை (தாயத்து மாதிரி ஒரு துணைப் பொருளை) மாட்டிக்கொண்டால், டாஷ் (வேகப் பாய்ச்சல்) செய்யும் நேரத்தில் அடி படாமல் குண்டுகளின் ஊடே போய்விடலாம். ரெகுலருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

எக்ஸ்பர்ட் திறந்த பின் 'எஸ்' ரேங்க் வேண்டுமென்றால் நான்கு விஷயம் சேர வேண்டும்: ஆட்ட முடிவில் 3 உயிர் மிச்சம், 3 பாரி (இளஞ்சிவப்புப் பொருளைத் தட்டுதல்), சிறப்பு அடிக்கான சூப்பர் கார்டு 6 செலவு, குறித்த நேரத்துக்குள் முடிவு. கார்டைச் சேர்த்து வைத்துக் கடைசிவரை செலவழிக்காமல் விட்டு ரேங்கை இழப்பவர்கள்தான் அதிகம்.

கூடலூரிலிருந்து: 'ஹேடிஸ்' கேமில் ஒருமுறை தப்பி வெளியே வந்தேன். 'பேக்ட் ஆஃப் பனிஷ்மென்ட்' (ஆட்டத்தைக் கஷ்டமாக்கும் நிபந்தனைப் பட்டியல்) வந்தது. வாளில் ஹீட் (கஷ்ட அளவு) 4 வரை ஏற்றினேன். வில்லை எடுத்ததும் எல்லாம் பழையபடி குறைந்துவிட்டது. ஏன்?

அந்தக் கேமில் ஹீட் கணக்கு ஆயுதத்துக்கு ஆயுதம் தனி. மொத்தம் ஆறு ஆயுதங்கள். வாளில் 4 வரை போனது வாளுக்கு மட்டும்தான். வில் தன் கணக்கை அடியிலிருந்து தொடங்கும். இதில் உங்களுக்கு லாபமே. ஒவ்வோர் ஆயுதத்திலும் ஒவ்வொரு ஹீட் படிக்கும் பாஸ்களிடமிருந்து டைட்டன் பிளட், டயமண்ட், அம்ப்ரோசியா என்ற பரிசுப் பொருள்கள் ஒருமுறை கிடைக்கும். கீழ்ப்படியில் இருக்கும் ஆயுதத்தை எடுத்து ஆடினால் சுலபமான ஹீட்டிலேயே அவற்றைச் சேர்த்துவிடலாம். இலக்கு எவ்வளவோ அந்த அளவுக்கு ஏற்றினால் போதும்.

எதை ஏற்றுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எதிரியின் அடியைக் கூட்டும் 'ஹார்ட் லேபர்' ஒரு படிக்கு 20 சதவீதம். ஐந்து படியும் ஏற்றினால் அடி இரட்டிப்பாகும். ஒன்றிரண்டு படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடை விலையைக் கூட்டும் 'கன்வீனியன்ஸ் ஃபீ' படிக்கு 40 சதவீதம், இரண்டு படி. கடையை அதிகம் நம்பாமல் ஆடுபவருக்கு அது கிட்டத்தட்ட இலவச ஹீட். பொறிகளின் அடியைப் பல மடங்காக்கும் 'ஹைட்டன்ட் செக்யூரிட்டி' பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். கால் வைக்கும் இடம் பார்த்து நடப்பவருக்கு அதனால் தொல்லை இல்லை.

ஹீட் 8-க்கு ஒரு கலவை: கன்வீனியன்ஸ் ஃபீ 2, எதிரியின் உயிரைப் படிக்கு 15 சதவீதம் கூட்டும் கேலிஸ்தெனிக்ஸ் 2, ஹைட்டன்ட் செக்யூரிட்டி 1, ஹார்ட் லேபர் 2, எதிரி எண்ணிக்கையைக் கூட்டும் ஜூரி சம்மன்ஸ் 1. குணமாகும் அளவைப் படிக்கு 25 சதவீதம் வெட்டும் 'லாஸ்டிங் கான்சிகுவன்சஸ்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். எதிரியின் வேகத்தைக் கூட்டும் 'ஃபோர்ஸ்டு ஓவர்டைம்' ஒரு படியே 3 ஹீட் தரும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பழகிய கைவேகம் முழுவதும் குலைந்துவிடும். நேரக் கெடு வைக்கும் 'டைட் டெட்லைன்' முதல் படியில் ஒரு பகுதிக்கு 9 நிமிடம், அடுத்து 7, அடுத்து 5. சும்மா ஆடும்போது ஒரு பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 7 நிமிடத்துக்குள் முடிப்பவர் என்றால் முதல் படியைத் தயங்காமல் எடுக்கலாம்.

கேமில் வரும் எலும்புக்கூடு ஸ்கெல்லியின் பரிசுச் சிலைகளுக்கு ஹீட் 8, 16, 32. 'ஹெல் மோட்' வேறு சமாச்சாரம். அதைப் புது ஆட்டம் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து ஹீட் கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அடி பட்டவுடன் ஒரு கணம் கிடைக்கும் பாதுகாப்பும் அதில் கிடையாது. முதல் ஆட்டத்துக்கு அதைச் சொல்லவே மாட்டோம்.

ஊட்டியிலிருந்து ஒரு தாயார்: மகன் 'ரெசிடென்ட் ஈவில் 4' புதிய பதிப்பை முடித்து, 'புரொஃபெஷனல்' என்ற லெவலில் ஆடுகிறான். மழைக்காலத்தில் கரண்ட் போய், ஒன்றரை மணி நேர ஆட்டம் வீணாகிவிட்டது என்று அழாத குறை. முன்பெல்லாம் இப்படி ஆனதில்லையே? வீட்டில் இன்வெர்ட்டர் வேறு இருக்கிறது.

அம்மா, மகன் சொல்வது சரிதான். மற்ற லெவல்களில் கேம் தானாகவே அவ்வப்போது சேவ் செய்துகொள்ளும். கேமை ஒருமுறை முடித்தால் திறக்கும் புரொஃபெஷனலில் அந்த ஆட்டோசேவ் கிடையாது. கேமுக்குள் டைப்ரைட்டர் இருக்கும் இடத்தில் அவனே நின்று சேவ் செய்ய வேண்டும். அங்கே உயர்ந்த 'எஸ் பிளஸ்' ரேங்க் வாங்கப் புது ஆட்டத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள், 15 சேவுக்கு மேல் போகாமல் முடிக்க வேண்டும். அதனால் பிள்ளைகள் சேவ் செய்யவே கஞ்சத்தனம் பிடிப்பார்கள். கேமில் 16 அத்தியாயங்கள். அத்தியாயத்துக்கு ஒன்று என்று வைத்தாலே 15 சேவ் ஏறக்குறைய போதும். முதல்முறை புரொஃபெஷனல் ஆடும்போது ரேங்கை மறந்து, கண்ணில் படும் டைப்ரைட்டரிலெல்லாம் சேவ் செய்து வழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கத்தியால் தடுக்கும் பாரியும் அங்கே மாறுகிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் போதாது, அடி விழும் சரியான கணத்தில் தட்டினால்தான் தடுக்கும். அதைக் கற்பதற்கே ஒரு முழு ஆட்டம் வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கன்சோல் அணைகிறதென்றால், இன்வெர்ட்டரின் பின்புறம் அல்லது முன்பலகையைப் பாருங்கள். பலவற்றில் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' அல்லது 'எகோ' என்றும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால், லைன் போய் பேட்டரி வர எடுக்கும் நேரம் விளக்குக்கும் ஃபேனுக்கும் பரவாயில்லை, கன்சோலுக்கு நீளம். அது அணைந்து மறுபடி எழும். சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளுங்கள். மரம் சாய்ந்து லைன் போகிற ஊரில் இந்த ஒரு சுவிட்சே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் தனி யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் நிற்கும். பிளேஸ்டேஷன் 5 ஆட்டத்தின்போது சுமார் 200 வாட் இழுக்கும். டிவியையும் சேர்த்தால் அந்த யு.பி.எஸ். திணறும், சில நிமிடம்தான் தாங்கும். 1000 வி.ஏ. வாங்குவது மேல். டிவியின் பிளக்கும் கட்டாயம் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். கன்சோல் ஓடிக்கொண்டிருக்க டிவி இருண்டுவிட்டால் டைப்ரைட்டரை எங்கே தேடுவது? ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்கும் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்றும் நம்ப வேண்டாம். கரண்ட் முழுக்கப் போனால் அந்த இடைநிறுத்தமும் போய்விடும்.

சேவுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதும் அவசியம். பிளேஸ்டேஷன் 4 கேம்களின் சேவை செட்டிங்ஸ் மூலம் யு.எஸ்.பி. டிரைவில் நகல் எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவுக்கு அந்த வழி இல்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டி கிளவுடில் ஏற்றுவதுதான் வழி. நின்டெண்டோ ஸ்விட்சில் சேவ் கன்சோலுக்குள்ளேயே இருக்கும். மெமரி கார்டைக் கழற்றி வைத்தால் சேவ் பத்திரம் என்பது தவறான நம்பிக்கை. கம்ப்யூட்டரில் ஸ்டீம் வைத்திருப்பவர்கள், நெட் விட்டு விட்டு வரும் நாட்களில், கேமை மூடியதும் சிஸ்டத்தை அணைத்துவிடாமல் கிளவுட் ஏற்றம் முடியும்வரை காத்திருங்கள். அடுத்த முறை "எந்த சேவ் வேண்டும்" என்று கேட்டால் தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அவசரத்தில் பழையதைத் தொட்டு, திறந்த லெவலை இழந்தவர்கள் உண்டு.

கொடைக்கானலிலிருந்து: போனில் 'ஸ்லே த ஸ்பயர்' என்ற சீட்டுக்கட்டு கேம் ஆடுகிறேன். நண்பர் ஒரு நல்ல சீட் எண் (ஆட்டம் எப்படி அமையும் என்பதை முன்பே முடிவு செய்யும் எண்) தந்தார். அதில் ஜெயித்தும் அசென்ஷன் (கூடுதல் கஷ்டப் படிகள்) திறக்கவில்லை.

சீட் எண் போட்டு ஆடிய ஆட்டத்தை அந்தக் கேம் கணக்கில் எடுக்காது. கஸ்டம் ஆட்டமும் அப்படியே. சாதாரண ஆட்டத்தில் மூன்றாம் பாகத்தின் பாஸை வென்றால் அசென்ஷன் 1 திறக்கும். பிறகு ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு படி, மொத்தம் 20. இதிலும் ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு. அயர்ன்கிளாட் என்ற ஆளில் 10-ஐத் தொட்டாலும் சைலன்ட் என்ற ஆள் 1-லிருந்துதான் ஏற வேண்டும். 10-ல் கழற்றவே முடியாத ஒரு சாபச் சீட்டு கட்டில் சேரும். 20-ல் மூன்றாம் பாகத்தின் முடிவில் அடுத்தடுத்து இரண்டு பாஸ்.

பண்ணைக்காட்டிலிருந்து: 'டயாப்லோ 2' கேமின் இரண்டாவது லெவலான நைட்மேரில் நண்பர்கள் என்னை வேகமாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் பாகத்து மலையுச்சியில் ஏன்ஷன்ட்ஸ் என்ற மூன்று காவலரை அவர்கள் அடித்தும் எனக்கு மட்டும் அந்தக் குவெஸ்ட் (பணி) முடியவில்லை. ஹெல் லெவலுக்கு எப்படிப் போவது?

உங்கள் ஆளின் அனுபவ லெவல் 40-ஐ எட்டியிருக்காது. ஏன்ஷன்ட்ஸ் குவெஸ்டுக்கு நார்மலில் 20, நைட்மேரில் 40, ஹெல்லில் 60 அனுபவ லெவல் வேண்டும். நண்பர் அடித்த வெற்றி உங்கள் கணக்கில் ஏறாது. 40-ஐத் தொட்டபின் மறுபடி உச்சிக்குப் போய், நடுவிலுள்ள பீடத்தைத் தொடுங்கள். சண்டையின் நடுவே ஊருக்குத் திரும்ப டவுன் போர்ட்டல் திறந்தால் மூவரும் மறுபடி சிலையாகிவிடுவார்கள், மொத்தச் சண்டையையும் மறுபடி தொடங்க வேண்டும். எனவே மருந்தை இடுப்புப் பட்டையில் நிரப்பிக்கொண்டு போங்கள். பிறகு கடைசி பாஸான பேலை வீழ்த்தினால் ஹெல் திறக்கும்.

ஆனால் இப்படி இழுத்துக்கொண்டு போனால் ஹெல்லில் முதல் பத்து நிமிடத்திலேயே கதை முடியும். காரணம் எளிய கணக்கு. நைட்மேரில் உங்கள் எல்லா எதிர்ப்புச் சக்தியிலும் 40 குறைகிறது, ஹெல்லில் 100 குறைகிறது. உச்சவரம்பு 75. ஹெல்லில் 75 நிற்க வேண்டுமானால் மொத்தம் 175 சேர்த்திருக்க வேண்டும். ஐந்தாம் பாகத்தில் சிறைப்பட்ட அன்யாவை மீட்டால் ஊர் வைத்தியர் மாலா தரும் சுருளைப் படித்ததும் ஒவ்வொரு லெவலிலும் 10 கூடும். மூன்று லெவலிலும் சேர்த்து 30. மீதி 145 உடைகளிலிருந்து வர வேண்டும். அவசரமாக இழுத்துச் செல்பவர்கள் அன்யாவை விட்டுவிடுவார்கள். சுருளை வாங்கி ரைட் கிளிக் செய்து படிக்காமல் பெட்டியில் போட்டு வைப்பவர்களும் உண்டு. உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்று: ஹெல்லில் சில எதிரிகளுக்கு ஒருவகை அடி கொஞ்சமும் இறங்காது. நெருப்பை மட்டும் நம்பி வளர்த்த ஆள் அங்கே நின்றுவிடுவான். இரண்டாவது வகை அடி ஒன்றை நைட்மேரிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஆஃப்லைனில் ஆடுபவர்கள் 'ரிசரக்டட்' பதிப்பில் பலர் ஆடுவதுபோல் எண்ணிக்கையைக் கூட்டும் பிளேயர்ஸ் கட்டளையை 8 வரை வைத்து அனுபவப் புள்ளியை வேகமாகச் சேர்க்கலாம். எதிரியின் உயிரும் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆஃப்லைன் ஆளை ஆன்லைனுக்கு மாற்ற முடியாது என்பதால், நண்பர்களோடு ஆட நினைத்தால் முதலிலேயே ஆன்லைனில் தொடங்குங்கள்.

மஞ்சூரிலிருந்து: எல்லா லெவலும் திறந்த சேவ் ஃபைலை இறக்கிப் போட்டால் என்ன?

பிளேஸ்டேஷன் சேவ் அதை உருவாக்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டது. மற்றவருடையது உங்கள் கணக்கில் ஓடாது. கம்ப்யூட்டரில் சில கேம்களில் ஓடும். ஆனால் சேவ் ஃபைல் என்ற பெயரில் வருவது இன்ஸ்டால் செய்யச் சொன்னால், ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால், உடனே அழித்துவிடுங்கள். சேவ் என்பது கேம் படிக்கும் தரவு, அது தானாக ஓட வேண்டிய அவசியமே இல்லை. போனில் 'மாட்' ஏ.பி.கே. (யாரோ மாற்றியமைத்த ஆப் ஃபைல்) இன்னும் ஆபத்து.

கோத்தகிரியிலிருந்து: வீட்டில் பழைய டிவி கேம், காசெட் இருக்கிறது. 'சூப்பர் மேரியோ' முடித்தால் இரண்டாம் சுற்று உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' கேமில் இளவரசியை மீட்ட பின் 'பி' பட்டனை அழுத்தினால், எந்த உலகத்திலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். இம்முறை காளான் எதிரிகளுக்குப் பதிலாக ஓட்டு வண்டுகள் வரும். அவற்றின் மேல் நெருப்புப் பந்து பலிக்காது, மிதித்து உதைக்கத்தான் வேண்டும். அந்த காசெட்டில் சேவ் வசதி இல்லாததால் சுவிட்சை அணைத்தால் இரண்டாம் சுற்றும் போய்விடும். 1986-ல் வந்த முதல் 'செல்டா' கேம் இதில் தாராளம்: புது ஆட்டத்தில் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'செல்டா' என்று பதிந்தாலே கஷ்டமான இரண்டாம் சுற்று நேராகத் திறக்கும்.

காசெட் ஓடாமல் திரை கோடு கோடாக வந்தால் வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உலோகப் பட்டைகளை அரிக்கும், பனிமூட்டம் சூழ்ந்த ஊரில் இன்னும் வேகமாக. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, பட்டைகளை நீளவாக்கில் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். மழை மாதங்களில் காசெட்டுகளைச் சிலிகா ஜெல் பாக்கெட் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள்.