மூன்றாம் தடவை எழுதுவதா, மின்வேலை படிப்பதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் இரண்டு தடவை எழுதியும் பொறியியல் பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது மின்வேலை படிக்கப் போகிறேன் என்று நிற்கிறான். "கூரையில் ஏறி சோலர் பூட்டவா இவ்வளவு காலம் ரியூசனுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோதும் பிள்ளைகளின் படிப்பை விடாத தாய்மாரை நான் அறிவேன். உங்கள் கேள்வியைச் சிறிதாக எண்ணவில்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அவனுடைய இசெட் புள்ளியை யாழ்ப்பாண மாவட்டத்தோடு ஒப்பிட வேண்டாம். நம் கிளிநொச்சி மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடு, அதாவது அனுமதி கிடைத்த குறைந்தபட்சப் புள்ளியோடு, ஒப்பிடுங்கள். நம் மாவட்டம் கல்வியில் பின்தங்கியவற்றுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் தனி ஒதுக்கீடும் உண்டு. மயிரிழையில் தவறியிருந்தால் மூன்றாம் தடவை எழுதட்டும். தூரம் அதிகமென்றால் இன்னொரு வருடத்தை அதற்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அவன் கேட்கும் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா? 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து, 2050இல் கார்பன் சமநிலை என்று இலங்கை உறுதி கொடுத்திருக்கிறது. சொன்ன திகதியில் எல்லாம் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் திசை மாறாது. 2050இல் தம்பி நாற்பதைத் தாண்டியிருப்பான். அவன் உழைக்கப்போகும் காலம் முழுவதும் இந்த மாற்றத்துக்குள்தான் கழியும்.

மன்னாரில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். நம் மாவட்டத்துப் பளையிலும் சுழல்கின்றன. அவற்றை நட்டவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்; பராமரிப்பவர்களுக்குத்தான் வருடக்கணக்கில் வேலை. சோலரும் அப்படியே. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கிறோம். பகல் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து இரவில் கொடுப்பதும், மின் வலையமைப்பின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவதும்தான் இனிவரும் பெரிய வேலை. சோலர் தகடு பூட்ட மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே இடமில்லை. மும்முனை மின்சாரம், புவித்தொடுப்பு (எர்த்), மோட்டார், இன்வேர்ட்டர் ஆகியவற்றை அடியிலிருந்து கற்றவன் வேண்டும்.

அதனால் பசுமை என்ற பெயரை ஒட்டி இரண்டு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கட்டாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்தில் தொழில் கற்று, ஐந்து, ஆறில் டிப்ளோமா முடிக்கலாம். ஏழாம் மட்டம் பட்டம். தொழிற்கல்விக்கென்றே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. பட்டதாரி மகன் என்ற உங்கள் ஆசைக்கு இந்த வழியிலும் கதவு திறந்தே இருக்கிறது. சுற்றுவழிதான், ஆனால் இடையில் எங்கே நின்றாலும் கையில் தொழில் இருக்கும்.

கூரையில் ஏறுவதைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புப் பட்டி தருகிறார்களா, காப்புறுதி உண்டா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்கட்டும். மழுப்பும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவருக்குக் கொடுக்கக் காணியை விற்கும் யோசனையைத் தயவுசெய்து இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அடுத்த கிழமை தம்பியோடு அறிவியல் நகருக்குப் போய்ப் பட்டறையை நீங்களே நேரில் பாருங்கள். பிறகு இரண்டு தடவையின் பெறுபேறுகளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.